அநகி அடுப்பு: லயத்துக் குசினிக்கு ஒத்துவருமா?

சந்தையில் சட்டி பானை விற்கும் மூலையில், தயிர்ச் சட்டிகளுக்கும் உண்டியல்களுக்கும் பின்னால் அநகி அடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். பெட்டி கிடையாது. உத்தரவாத அட்டை கிடையாது. எப்படிப் பாவிப்பது என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. காஸ் அடுப்புக்கும் ரைஸ் குக்கருக்கும் தொலைக்காட்சியில் விளம்பரம் வரும். இந்த மண் அடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாயான நாட்களில் மட்டும் ஊர் ஊராகத் தேடினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கும் அடுப்பு நல்லது, வாங்கலாம். ஆனால் கடையில் இருந்து கொண்டுவந்து அப்படியே வைத்து மூட்டினால் அதன் பலனில் பாதிதான் கிடைக்கும். மண் பூச்சும் காய்ந்த சன்னமான விறகும் சேர்ந்தால்தான் அது முழு அடுப்பு. மலைநாட்டில் ‘அநகி சரியில்லை’ என்று சொல்பவர்களின் வீட்டில் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்காது.

சிங்களத்தில் அநகி என்றால் மிகச் சிறந்தது, விலைமதிப்பற்றது என்று பொருள். 1980களில் இலங்கை மின்சார சபையின் விறகுச் சிக்கனத் திட்டமும் பிரித்தானியத் தொண்டு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து செய்த வேலையில் பிறந்தது. கண்டியில் இயங்கும் ஐடியா என்ற தொண்டு நிறுவனம் குயவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பரப்பியது. குருநாகல் பக்கம் கும்புக்கெட்டே போன்ற குயவர் ஊர்களில் இருந்துதான் லொறியில் மேலே வருகிறது. தென்னை மட்டையும் சிரட்டையும் எரிக்கிற பள்ளநாட்டு வீட்டை மனதில் வைத்துச் செய்த அடுப்பு இது. மேலே மலைநாட்டில் எரிப்பது மிலாறும் (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி) சவுக்கு, டர்பன்டைன் மர விறகும். அந்த வித்தியாசத்தில் இருந்துதான் பாதிப் பிரச்சினை வருகிறது.

அமைப்பு நமக்குப் புதியதல்ல. பழைய தமிழ் வீடுகளின் கொடியடுப்பேதான்: முன்னால் ஒரு வாய், அதில் எரியும் தீயின் மிச்சச் சூடு ஒரு குகை வழியே போய்ப் பின்னால் உள்ள இரண்டாவது வாயைச் சூடாக்கும். கொடியடுப்பைக் கையால் பிடித்தவர்கள் கண் அளவில் பிடித்தார்கள். அநகியில் தீ எரியும் அறையின் உயரம், விறகு வாயின் அகலம், குகையின் சரிவு எல்லாம் அளந்து வார்க்கப்பட்டிருக்கும். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். இது பூச்சு போட்டு, இரண்டு வாயிலும் சட்டி வைத்துச் சமைத்தால் வரும் கணக்கு. ஒற்றை வாயில் மட்டும் சமைப்பவர்கள் இந்தக் கணக்கை எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. விரல் மடக்கித் தட்டுங்கள்: ‘கணீர்’ என்றால் நன்றாகச் சுட்டது, ‘பொத்’ என்றால் சூளையில் சூடு போதவில்லை, அல்லது எங்கோ வெடிப்பு இருக்கிறது. குகை தீ அறையோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிர்க்கோடு விழுந்தால் அங்கேதான் விழும். விறகு வாய்க்கு மேலே இருக்கும் வளைவு கனமாக இருக்க வேண்டும், அடுப்பு உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். தரையில் வைத்தால் ஆடக்கூடாது. கடைசியாக, வீட்டில் தினமும் சோறு வடிக்கும் சட்டியின் அடியை நூலால் அளந்து கொண்டுபோங்கள், முடிந்தால் சட்டியையே கொண்டுபோங்கள். வாய் விளிம்பில் இருக்கும் மேடுகளில் சட்டி ஆடாமல் உட்கார்ந்து, சுற்றிலும் சுண்டுவிரல் கனத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். முதல் வாயில் இடைவெளி பெரிதானால் தீ அங்கேயே பக்கவாட்டில் பாய்ந்துவிடும், இரண்டாவது வாய்க்குப் புகை மட்டும்தான் போகும்.

பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்கி ஏறும்போதே பாதி அடுப்புகள் வெடிப்பு வாங்கிக்கொள்கின்றன. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தெரியும், கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.

இனி பூச்சு. வெறும் அடுப்பு ஒரு வருடம் ஓடினால் பெரிது. மலைக்குளிரில் ஒரு பக்கம் நெருப்பும் மறுபக்கம் ஈரக் காற்றும் படும்போது மண் ஓடு சீக்கிரம் பிளக்கும். நாலு விரல் கனத்துக்கு மண் பூசி உட்கார வைத்தால் மூன்று வருடம் தாராளமாகப் போகும். உள்ளே ஓடு வெடித்தாலும் பூச்சு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியமான காரணம், சூடு பக்கவாட்டில் வீணாகாமல் சட்டிக்கே போகும்.

மண் எங்கே எடுப்பது? தேயிலை மலையின் மேல் மண் வேண்டாம். கறுப்பாக, மக்கிய இலைச் சத்தோடு இருக்கும் மண் காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பாதை வெட்டிய மேட்டில் இரண்டு அடிக்குக் கீழே தெரியும் செம்மண், அல்லது புற்றுமண் நல்லது. கல் பொறுக்கிச் சலித்து, மண் நாலு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, பச்சைச் சாணம் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். பள்ளநாட்டில் உமி சேர்ப்பார்கள். இங்கே உமி கிடைப்பது அரிது, மானாப்புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கி ஒரு பங்கு சேர்த்தால் அதே வேலையைச் செய்யும். தண்ணீர் விட்டு மிதித்து, ஒரு இரவு மூடி வைத்துவிட்டு மறுநாள் பாவியுங்கள். பூசும் முன் ஒரு சோதனை: பென்சில் கனத்தில் உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். உடனே உடைந்தால் மண்ணில் களித்தன்மை போதாது. வளைந்து, ஆனால் காய்ந்த பிறகு கோடு கோடாக வெடித்தால் களித்தன்மை அதிகம், மணல் சேருங்கள்.

அடுப்பை முதலில் நன்றாக நனையுங்கள். காய்ந்த ஓட்டில் பூசினால் ஓடு தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சு ஒட்டாது. முதல் பூச்சு இரண்டு விரல் கனம். இரண்டு மூன்று நாள் விட்டு, ஈரம் முழுதாகப் போகும் முன் அதன்மேல் கீறல் போட்டு இரண்டாவது பூச்சு. விறகு வாயையும் இரண்டு சட்டி வாய்களையும் சுருக்கிவிடாதீர்கள். அழகுக்காக விளிம்பை உருட்டி உருட்டிப் பூசி, காற்றுப் போகும் வழியை அடைத்துவிட்டுப் பிறகு புகை வருகிறது என்று சொல்வது வழக்கமாக நடப்பது.

எப்போது பூசுவது என்பது நீங்கள் இருக்கும் பக்கத்தைப் பொறுத்தது. ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை, கினிகத்தேனைப் பக்கத்துக்கு ஜனவரியில் இருந்து மார்ச் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பூச்சு காயாது, பூசணம்தான் பிடிக்கும். பண்டாரவளை, பதுளை, ஹப்புத்தளைப் பக்கத்துக்கு ஜூனில் இருந்து ஆகஸ்ட் வரையான காற்றுக் காலம் சரி. பூசி முடித்துக் குறைந்தது பத்து நாள் தீ மூட்டக்கூடாது. பிறகு மூன்று நாள், சுள்ளி போட்டு அரை மணி நேரச் சின்னத் தீ. சோறு ஆக்கும் தீயை முதல் நாளே போட்டால் பூச்சுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துக்கொண்டு வரும்.

வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். பலகை மேல் வேண்டாம். புளக் கல் இரண்டு வரிசை கட்டி மண் நிரப்பிய மேடைதான் சரி. நின்று சமைப்பவருக்கு இடுப்புக்குச் சற்றுக் கீழே வாய் வர வேண்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தரையில் வைப்பது ஆபத்து. விறகு வாய் கதவுக்கு நேராக இருக்கக்கூடாது. பள்ளத்தில் இருந்து ஏறும் காற்று நேராக வாயில் அடித்தால் தீ சட்டிக்கு அடியில் நிற்காது, விறகும் மளமளவென்று தீரும். காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

விறகுதான் பெரிய விஷயம். கவ்வாத்து வெட்டிய மலையில் இருந்து கொண்டுவரும் மிலாறு இந்த அடுப்புக்கு மிகப் பொருத்தம்: பெருவிரல் கனம், கெட்டி, நின்று எரியும். சிக்கல் என்னவென்றால், உயரமான தோட்டங்களில் ஒரு மலைக்கு நாலைந்து வருடத்துக்கு ஒரு முறைதான் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைத் தறிப்பது. கிடைக்கும்போது கட்டுக் கட்டாக வந்து குவியும், பிறகு இராது. ஆகவே வந்தவுடன் அடுக்கி வைப்பது முக்கியம். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) தரையோடு போடாமல், இரண்டு கல்லின் மேல் குறுக்கே கம்பு வைத்து, காற்றுப் போக அடுக்குங்கள். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெளியேற்றவே தீயின் சூட்டில் ஒரு பகுதி செலவாகிறது, சட்டிக்கு வருவது மிச்சம். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘டொக்’ என்று சத்தம் வந்து, முனையில் வெடிப்புத் தெரிந்தால் எரிக்கலாம்.

சவுக்கும் டர்பன்டைனும் பெரிய கட்டையாக வரும். மூன்று கல் அடுப்புக்கு அப்படியே தள்ளலாம். அநகியின் வாய்க்குள் அது போகாது. ஆப்பு வைத்துப் பிளந்து, பிறகு கத்தியால் இரண்டு விரல் கனத்துக்குச் சீவ வேண்டும். இந்த அடுப்பின் மேல் சொல்லப்படும் நியாயமான குறை இது. விறகில் மிஞ்சுவதில் ஒரு பகுதி கோடாலி வேலையில் போகிறது, அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும். காலையில் மலைக்கு ஏறுகிறவரே வந்து விறகும் பிளக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் அநகி ஒரு மாதத்தில் மூலைக்குப் போய்விடும். பைனஸ் மரம் பற்றவைக்க மட்டும்; அதன் பிசின் குகையிலும் சட்டியிலும் கெட்டிக் கரியாகப் படியும்.

மூட்டும்போது வாயை விறகால் நிரப்பாதீர்கள். மூன்று நாலு துண்டு போதும். வாயின் மேல் பாதி எப்போதும் திறந்திருக்க வேண்டும், காற்று போவது அந்த வழியாகத்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விறகு கீழே சாயாமல் ஒரு கல்லை வாய் மட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், எரிய எரிய உள்ளே தள்ளினால் போதும். பற்றவைக்கச் சொப்பிங் பேக்கைக் கொளுத்தும் பழக்கம் எல்லா லயத்திலும் இருக்கிறது. அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகிறது. காய்ந்த சவுக்கு இலை ஒரு பிடி இருந்தால் அது வேண்டாம். மண்ணெண்ணெயைக் கனலின் மேல் ஊற்றுவது அதைவிட மோசம்.

சமையல் ஒழுங்கு கொஞ்சம் மாறும். காலையில் ரொட்டி சுடும்போது தட்டு முதல் வாயை முழுதாக மூடிவிடும், தீ பின்னால் ஓடும். அந்த நேரம் இரண்டாவது வாய் காலியாக இருந்தால் தீ அதன் வழியே கூரைக்குப் போகிறது என்று அர்த்தம். கேத்தலாவது வையுங்கள், ரொட்டி முடியும்போது தேத்தண்ணிக்குத் தண்ணீர் தயார். இரண்டாவது வாயில் பொங்கும் அளவுக்குத் தீ வராது. கறி சிறு கொதியில் வேக, பருப்பு மசிய, பால் காய்ச்ச அது போதும். சோற்றை முன்னால் கொதிக்க வைத்து, வடித்த பிறகு பின்னால் தள்ளுவது வழக்கமாகிவிட்டால் விறகு மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும்.

பருப்பு வேகவில்லை என்று அடுப்பைத் திட்டுவதும் உண்டு. அதில் அடுப்பின் குற்றம் கொஞ்சம்தான். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஹட்டனில் 96 அளவில். எவ்வளவு தீ போட்டாலும் சாதாரணச் சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. கடலை, அவரை, கௌபி எல்லாவற்றையும் இரவே ஊறப்போட்டு, மூடி போட்டு வேகவைப்பதுதான் வழி. மேலும் விறகு தள்ளுவது வீண்.

குளிக்கத் தண்ணீர் காய வைக்கும் பெரிய வாளிக்கும் தகர டின்னுக்கும் இந்த அடுப்பு ஆகாது. பாரம் தாங்காமல் விளிம்பு உடையும். அதற்கு வெளியே பழைய மூன்று கல்லே இருக்கட்டும்.

புகையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அநகிக்குச் சிம்னி கிடையாது. நன்றாக எரியும்போது புகை குறைவு, அவ்வளவே, இல்லாமல் போவதில்லை. வீட்டுக்குள் எரிக்கும் புகையால் உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், சன்னல் இல்லாத பின் மூலையில் எந்த விறகடுப்பை வைத்தாலும் அந்த ஆபத்துத் தீராது. அடுப்புக்கு மேலே கூரையோரம் ஒரு திறப்பும் அதற்கு எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு திறப்பும் இருந்தால் புகை தானாக ஏறிப் போகும். ஒரு திறப்பு மட்டும் போதாது. தகரத்தில் கூம்பு செய்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் குழாயைக் கூரைக்கு வெளியே விடுவது இன்னும் நல்லது. குழாய் தகரக் கூரையைத் துளைக்கும் இடத்தில் மேல்பக்கமாகத் தகரப் பட்டை சுற்றாவிட்டால் மழை நேராக அடுப்புக்குள் இறங்கும். லயத்தை விட்டு 7 பேர்ச் காணியில் கட்டிய புதிய தனி வீடுகளில் இருப்பவர்கள் பின்னால் ஒரு கொட்டகை இறக்கி அங்கே வைப்பதே சரி. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: குளிருக்காகக் கதவு சன்னல் எல்லாம் அடைத்துவிட்டுக் கனலோடு தூங்குவது. மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு அந்தக் கனலில் இருந்துதான் வருகிறது.

குளிர் காய்வதைப் பற்றியும் ஒரு குறை வரும், பெரும்பாலும் வயதானவர்களிடம் இருந்து. மூன்று கல்லைச் சுற்றி உட்கார்ந்தால் கைகால் சூடாகும். பூச்சுப் போட்ட அநகி சூட்டை வெளியே விடாது, அதற்காகத்தான் பூச்சு. தீ அணைந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் மேடை இளஞ்சூடாக இருக்கும் என்பது சின்ன ஆறுதல். அதேபோல் அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயப்போடும் வீடுகளில் விறகு முன்பைவிட மெதுவாகக் காயும். பரணைக் கொஞ்சம் தாழ்த்தலாம், ஆனால் தீ எட்டாத உயரம் இருக்க வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. தினமும் காலையில் சாம்பலை அள்ளுங்கள், அடியில் ஒரு விரல் கனம் மட்டும் விடுங்கள். சாம்பல் ஏறினால் தீ அறை சிறுத்துப் புகையும். வாரம் ஒருமுறை குகைக்குள் ஒரு குச்சியில் துணி சுற்றித் துடையுங்கள். அலுமினியச் சட்டியின் வெளிப்புறத்தில் சாம்பலைக் குழைத்துத் தடவி வைத்தால் கரி கழுவுவது சுலபம். கோடு விழுந்தால் சலித்த மண்ணும் சாம்பலும் சம பங்கு குழைத்து, வெடிப்பை நனைத்து, உள்ளே அழுத்தி அடையுங்கள். மேலோட்டமாகப் பூசினால் அடுத்த தீயில் உதிர்ந்துவிடும். அந்தச் சாம்பல் கரட் பாத்திக்கும் போஞ்சிக்கும் நல்லது, தேயிலைச் செடிக்கு வேண்டாம். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், சாம்பல் அந்தப் புளிப்பை முறித்துவிடும்.

கடைக்காரர் சொல்லும் மிச்சக் கணக்கை நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்துவிடலாம். காய்ந்த விறகு மூன்று கிலோ நிறுத்து வையுங்கள். ஒரே சட்டியில் ஒரே அளவு தண்ணீர், மூடி போட்டு, ஒருநாள் மூன்று கல்லில், மறுநாள் அநகியில் கொதிக்க வையுங்கள். கொதித்தவுடன் எரியும் விறகை வெளியே இழுத்து அணைத்து, மிச்சத்தை நிறுங்கள். அநகியில் பார்க்கும்போது இரண்டாவது வாயிலும் தண்ணீர் வைத்து, அது எவ்வளவு சூடாகியிருக்கிறது என்றும் பாருங்கள். அடுப்பு குளிர்ந்திருக்கும் முதல் தடவையைக் கணக்கில் எடுக்காதீர்கள். பூச்சு சூட்டைக் குடித்துவிடும். இரண்டாவது, மூன்றாவது தடவைதான் உண்மையைச் சொல்லும்.

மூன்று வருடம் கழித்து அடுப்பு கையை விரித்துவிட்டால் ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். உலக்கையால் இடித்து, அரிசி அளவுக்குச் சலித்து எடுத்து, அடுத்த அடுப்பின் பூச்சு மண்ணில் மணலுக்குப் பதிலாகச் சேருங்கள். ஒருமுறை சுட்ட மண் மறுபடி சுருங்காது, புதுப் பூச்சு வெடிப்பது பெருமளவு குறையும்.